எண்ணூறு பந்தக்கால்

ஆளுக்கு இருபது குழி என்று, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டிலேயே சொல்லியாகிவிட்டது. ஒன்பது மணிக்கு ஆபீஸ் கணக்கு எழுதும் நவமணி கிராணி குடையோடு ஏழாம் நம்பர் மேட்டுக்கு ஏறி வந்து பார்த்தபோது, ஒரு குழிகூட விழுந்திருக்கவில்லை. நாற்பது பேர் மண்வெட்டியைப் பக்கத்தில் போட்டுவிட்டு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்கள். எண்ணூறு முருங்கைக் கம்புகள் மாட்டுவண்டியிலிருந்து இறக்கிய இடத்திலேயே வெயிலில் கிடந்தன.

"என்ன இது? பெரட்டுல நான் என்ன சொன்னேன்?"

"மண்ணு பாறையாக் கெடக்குங்க ஐயா," என்றாள் கருப்பம்மாள். புல் வெட்டும் பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி. "மண்வெட்டி எறங்க மாட்டேங்குது. ஆளுக்குப் பத்துன்னா இன்னிக்கு முடிக்கலாம். மிச்சத்த நாளைக்குப் பாக்கலாம்."

அவள் சொன்னதில் பொய் இல்லை. அந்த மேடு பாறையானதற்குக் காரணம் தோட்டத்து மேனேஜர் ஹார்கிரீவ்ஸ் துரைதான். ரப்பர் மரத்தடியில் ஒரு புல் முளைத்தாலும் அவருக்குக் காய்ச்சல் வரும். பன்னிரண்டு வருஷமாக அந்தச் சரிவைப் பெருக்கித் துடைத்த கூடம் மாதிரி வைத்திருந்தார். மேல்மண் மொத்தமும் பன்னிரண்டு மழைக்காலத்தில் ஆற்றோடு போனது. மரங்கள் மஞ்சளித்து, பால் தண்ணீராய் வடிய ஆரம்பித்த பிறகுதான் துரை புத்தகத்தைத் திறந்தார். 'டாடாப்' என்று ஒரு மரம் இருக்கிறதாம், நம்ம முள்ளு முருங்கைதான். அதன் வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்குமாம். அந்த முடிச்சுகள் காற்றிலிருந்தே உரத்தை இழுத்து மண்ணுக்குக் கொடுக்குமாம். கிளையைக் கழித்துத் தழையை அடியில் போட்டால் செத்த மண்ணும் பிழைக்குமாம். துரை இதை ஏதோ தாமே கண்டுபிடித்தது போல ஒரு வாரம் பேசித் திரிந்தார்.

தை மாதம் ஐந்தாம் தேதி தோட்டத்தைப் பார்வையிடக் கம்பெனியின் விசிட்டிங் துரை வருகிறார். அதற்குள் ஏழாம் நம்பரில் மரம் தழைத்து, தழை வெட்டி அடியில் போட்டிருக்க வேண்டும். போட்டிருந்தால் கோலா கங்சார் பக்கத்துத் தோட்டத்தில் காலியாக இருக்கும் பெரிய கிராணி வேலை நவமணிக்கு. அங்கே கண்ணாடி ஜன்னல் வைத்த வீடு, சைக்கிள், அடியில் இரண்டு சின்னக் கிராணிகள். நவமணி அந்தச் சைக்கிளில் மனத்துக்குள் ஏற்கெனவே இரண்டு தடவை ஈப்போ போய் வந்துவிட்டார்.

பத்துக் குழிக்குச் சம்மதித்திருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் கூலியாள் கேட்டதைக் கொடுத்துவிட்டால் அப்புறம் கிராணி எதற்கு? தவிர, நவமணிக்கு ஒரு பெயர் இருந்தது. 'இந்த ஜனங்களின் பழக்கவழக்கம் முழுக்கத் தெரிந்தவன்' என்று துரையே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். உண்மையில் நவமணி பாளையங்கோட்டையில் மிஷன் காம்பவுண்டுக்குள் பிறந்து, அங்கேயே படித்து, அங்கிருந்து நேரே கப்பல் ஏறியவர். நாற்பத்தொரு வயதில் அவர் பார்த்த இந்துக் கல்யாணம் ஒன்றே ஒன்று. அதிலும் சாப்பாட்டுப் பந்தி வரைக்கும்தான் கவனம் இருந்தது. பந்தலில் ஒரு முருங்கைக் கம்புக்கு மஞ்சள் பூசி நட்டிருந்தது மட்டும் எப்படியோ நினைவில் நின்றிருந்தது.

அதை அவர் இப்போது எடுத்து வீசினார்.

"இது சும்மா கம்புன்னு நினைச்சீங்களா? கல்யாணத்துக்குப் பந்தக்காலா நடுறீங்களே, அதே மரம்! மங்களமான மரம். இத நடுறதுக்கு நீங்க கொடுத்து வச்சிருக்கணும். எந்திரிங்க, எந்திரிங்க."

நாற்பது பேரும் கருப்பம்மாளைப் பார்த்தார்கள். கருப்பம்மாள் கம்புகளைப் பார்த்தாள். வாயிலிருந்த வெற்றிலையை ஓரமாகத் துப்பிவிட்டு எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"பந்தக்காலுங்களா ஐயா?"

"ஆமா. பின்னே?"

"அப்ப ஆடி மாசத்துல எப்படிங்க நடுறது?"

நவமணிக்கு ஆடிக்கும் பந்தக்காலுக்கும் என்ன தகராறு என்று தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது. "அது... ஆமா, ஆடி," என்றார்.

"ஐயாவுக்குத் தெரியாததா? ஆடியில கால் நட்டா குடும்பத்துக்கு ஆகாதுன்னு ஐயாவே சொல்லுவீங்க. நாங்க என்னத்தக் கண்டோம்."

"தெரியும், தெரியும்," என்று சொல்லிவிட்டு நவமணி துரை பங்களாவுக்கு நடந்தார்.

"இது உண்மையா, நவமணி?" என்று கேட்டார் துரை.

"மூவாயிரம் வருஷத்து வழக்கம் சார்," என்றார் நவமணி. இரண்டாயிரம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். துரையின் முகத்தில் மரியாதையைப் பார்த்ததும் ஆயிரத்தைக் கூட்டிக்கொண்டார். துரை தடித்த நோட்டு ஒன்றை எடுத்து அதை எழுதிக்கொண்டார். ஆவணி பிறக்கட்டும் என்று உத்தரவானது.

ஆவணி பிறக்க இருபத்து மூன்று நாள் இருந்தது. கம்புகளை ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைக்கச் சொன்னார் நவமணி. ஈரச் சாக்கில் பாதி அழுகிப்போனது. அழுகாமல் காக்கிறேன் என்று மீதியை வெளியே எடுத்து நிறுத்தினார். அதில் விட்ட துளிரை கூலியாட்கள் குடியிருக்கும் லயத்து ஆடுகள் வந்து தின்றுவிட்டுப் போயின. கடைசியில் ஜெலாப்பாங் பக்கம் சீனர் தோட்ட வேலிகளிலிருந்து மறுபடி எண்ணூறு கம்பு வெட்டி ஏற்றி, இரண்டு நாள் மாட்டுவண்டியில் கம்புகளின் மேலேயே உட்கார்ந்து வந்தார் நவமணி. முருங்கை என்றால் முள்ளு முருங்கை. வந்து இறங்கிய பிறகு ஒரு வாரம் அவர் ஆபீஸில் நின்றுகொண்டேதான் எழுதினார்.

ஆவணி முதல் முகூர்த்த நாளில் துரை காமிராவோடு மேட்டுக்கு வந்துவிட்டார். கருப்பம்மாள் மஞ்சள், குங்குமம், பூவோடு காத்திருந்தாள்.

"சரி, ஆரம்பிங்க," என்றார் நவமணி.

"பந்தக்கால் குழிய அவசரமா வெட்டக் கூடாதுங்களே ஐயா. ஒரு நாளைக்கு ஆளுக்குப் பத்துதான். ஐயாவுக்குத் தெரியும்."

துரை நவமணியைத் திரும்பிப் பார்த்தார். "ஆமாம் சார், பத்துதான்," என்றார் நவமணி. துரை எழுதிக்கொண்டார்.

"மொதக் கால வீட்டுத் தலைவரு புடிக்கணும். இங்க எங்களுக்கெல்லாம் தலைவரு யாருங்க? ஐயாதான்."

இதைக் கேட்டு நவமணி உச்சி குளிர்ந்து போனார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு முதல் கம்பைப் பிடித்தார். ஐந்து சுமங்கலிகள் அதற்கு மஞ்சள் பூசினார்கள். பூசியதில் பாதி அவர் கோட்டுக் கையில் பட்டது. துரை படம் எடுத்தார். இரண்டு நாளில் எண்ணூறு கம்பும் நிமிர்ந்து நின்றன. வேலை என்னவோ கருப்பம்மாள் முதல் நாளே கேட்ட வேகத்தில்தான் நடந்தது. அதைக் கவனிக்க நவமணிக்கு எங்கே நேரம்? கோலா கங்சார் வீட்டு ஜன்னலுக்குத் திரை என்ன நிறத்தில் போடுவது என்ற யோசனையில் இருந்தார்.

அன்று சாயங்காலம் கருப்பம்மாள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள்.

"எம் மக நல்லம்மா கல்யாண விஷயமுங்க. மாப்பிள்ளை அர்ச்சுனன் காம்பார் பக்கம் தோட்டத்துல இருக்கான். இங்க வாரேன்னு சொல்றான். ஐயா ஒரு வேலைச் சீட்டு எழுதிக் கொடுத்து, லயத்துல ஒரு அறை..."

"அறை காலி இல்லைன்னு எத்தனை தடவை சொல்றது?"

"இதோட மூணு தடவைங்க. கடைசி அறையில..."

"அதுல கோழி இருக்கு."

இருந்தது. லயத்தின் கடைசி அறையில் நவமணியின் பதினொரு கோழிகள் குடியிருந்தன. தகரக் கூரை, சிமெண்டுத் தரை, தாழ்ப்பாள் போட்ட கதவு. இரண்டு வருஷமாக நிச்சயமாகிக் கிடக்கிற பெண்ணுக்கும் பையனுக்கும் இல்லாத இடம் கோழிக்கு இருந்தது. நவமணிக்கு அதில் வெட்கமும் இல்லை. கருப்பம்மாள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

கம்புகள் துளிர்த்தன, கிளைத்தன. ஐப்பசி மழையில் தளதளவென்று ஆள் உயரத்துக்குத் தழைத்தன. துரை ஒரு செடியின் அடிமண்ணைத் தோண்டி வேரில் இருந்த முடிச்சுகளை நவமணியிடம் காட்டி, குழந்தை பிறந்த வீட்டுக்காரர் போலச் சிரித்தார். மார்கழி கடைசி வாரம் நவமணி பெரட்டில் உத்தரவு போட்டார்.

"நாளைக்கு எல்லாரும் பாராங் எடுத்துட்டு ஏழாம் நம்பருக்குப் போங்க. கிளையைக் கழிச்சுத் தழையை மரத்தடியில போடணும்."

மறுநாள் எல்லாரும் கத்தியோடு போனார்கள். கத்தியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"இப்ப என்ன?"

கருப்பம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பந்தக்கால் நட்டாச்சுங்க. கல்யாணம் நடக்கலையே."

"எந்தக் கல்யாணம்?"

"அதத்தான் நாங்களும் ஆவணியில இருந்து பாத்துக்கிட்டு இருக்கோம். கல்யாணம் நடக்காத கால வெட்டினா, மொதக் கால் புடிச்சவங்களுக்கு ஆகாதுங்களே."

"மொதக் கால் பிடிச்சது..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார் நவமணி.

"ஐயாதான்," என்றார்கள் நாற்பது பேரும்.

"அதெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை. நான் வேதக்காரன்!" என்று கத்திவிட்டு நவமணி பக்கத்தில் இருந்தவன் கையிலிருந்து பாராங்கைப் பிடுங்கினார். வாழ்க்கையில் முதல் தடவையாக அதைப் பிடிக்கிறார் என்பது அவர் பிடித்த விதத்திலேயே தெரிந்தது. ஓங்கி ஒரு வெட்டு வெட்டினார். கிளை முறிந்து அவர் தோளிலேயே விழுந்தது. முள்ளுக்குப் பயந்து பின்னால் நகர்ந்தவர் சரிவில் சறுக்கி, கீழ் வரிசை முருங்கைகளில் நாலைந்தைத் தடவிக்கொண்டே போய் வடிகாலில் உட்கார்ந்தார்.

"ஐயோ பாவம்," என்றாள் ராக்காயி. அவள் புருஷனை இழந்தவள். கிராணியின் கோழி தன் கீரைப் பாத்திக்குள் வந்தால் விறகுக் கட்டையால் விரட்டுகிறவள். அவள் குரலில் பாவம் கொஞ்சமும் இல்லை. "ஒரு கெளைக்கே இப்படி ஆகிப்போச்சே."

விஷயம் துரை காதுக்குப் போயிற்று. இவர்கள் வெட்ட மாட்டார்கள், வெளியிலிருந்து சீனர்களைக் கூப்பிட்டு வெட்டிவிடலாம் என்றார் நவமணி. துரை ஒத்துக்கொள்ளவில்லை.

"மூவாயிரம் வருஷத்து வழக்கம், நவமணி. நீதான் சொன்னாய். விசிட்டிங் துரைக்கு இதைப் பற்றி நான் நாலு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறேன். 'எங்கள் நவமணி சான்று அளித்தது' என்று உன் பெயரையும் போட்டிருக்கிறேன். அவருக்கு ரொம்ப ஆசை, நேரில் பார்க்க வேண்டுமாம்." துரை எழுந்து வந்து கையைக் குலுக்கினார். "பெண் யார்?"

"எந்தப் பெண் சார்?"

"முதல் கம்பைப் பிடித்தவன் நீதானே? வாழ்த்துகள்!"

நவமணி லயத்துக்கு ஓடினார். அவர் அங்கே ஓடி யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. கருப்பம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"கருப்பம்மா, இதுக்கு ஒரு வழி சொல்லு."

"வழி என்னங்க, ஐயா ஒரு கல்யாணம் பண்ணிக்கலாமே. நம்ம ராக்காயி இருக்கா. கெட்டிக்காரி. மறு தாலி கட்டிக்கச் சம்மதமான்னு வேணா கேட்டுப் பாக்கறேன்."

ராக்காயி எதிர்வீட்டு வாசலிலிருந்து விறகுக் கட்டையோடு எட்டிப் பார்த்தாள். நவமணிக்கு ஈப்போ சபைப் போதகரின் முகம் ஒரு பக்கமும் அந்தக் கட்டை ஒரு பக்கமும் தெரிந்தது.

"நான் பண்ணக் கூடாது. சபையில தள்ளி வச்சிருவாங்க. தலைவர்ங்கிற முறையில வேற யாருக்காவது நடத்தி வைக்கலாம்ல? அது வழக்கத்துல உண்டுல்ல?"

கருப்பம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு விரல் விட்டு எதையோ எண்ணிப் பார்த்தாள்.

"உண்டுங்க," என்றாள் கடைசியில். "ஆனா திடீர்னு பொண்ணு மாப்பிள்ளைக்கு எங்க போறது?"

"உன் மக! நல்லம்மா!"

"அது இப்ப எதுக்குங்க? அறை இல்லேன்னு ஐயாவே மூணு தடவ சொல்லிட்டீங்க. நான் அந்த நெனப்பையே விட்டுட்டேன்."

"அறை தர்றேன்."

"கோழி இருக்குதுங்களே. பாவம், அதுங்க எங்க போகும்?"

"கோழி என் குசினியில இருக்கட்டும்!"

"மாப்பிள்ளை காம்பார்ல இருக்கான். சீட்டு வேணும்."

"இன்னிக்கே எழுதறேன்."

"தை பொறந்து அஞ்சு நாளுக்குள்ளன்னா அவசரமுங்க. வீட்டுக்காரர் சம்மதிப்பாரோ என்னவோ."

"கருப்பம்மா, உன் கையைப் பிடிச்சுக் கேக்குறேன். கல்யாணத்துக்குச் சரின்னு சொல்லு. துரைகிட்ட சொல்லி அன்னிக்குப் பெரட்டு இல்லாம பண்றேன். ரெண்டு ஆடு தரச் சொல்றேன்."

ஆறு மாதமாகத் தன் வாசலில் வந்து கும்பிட்டவளை இப்போது அவர் கும்பிட்டுக்கொண்டிருந்தார். கருப்பம்மாள் அரை மனதோடு, ஐயாவுக்காகத்தான் என்று சொல்லிச் சம்மதித்தாள். அவள் புருஷன் சன்னாசி ரப்பர் ஷீட் காயப்போடும் புகைவீட்டில் நெருப்புப் பார்க்கிறவர். இரவு பகல் அங்கேயேதான் கிடப்பார். வெளிக்காட்டில் நடப்பது எதுவும் அவருக்குத் தெரியாது, அவரும் கேட்க மாட்டார். தை ஐந்தாம் தேதி மகளுக்குக் கல்யாணம், பந்தலைப் பார்த்துக்கொள் என்று மட்டும் அவரிடம் சொன்னார்கள். சரி என்றார்.

பதினொரு கோழிகளும் நவமணியின் சமையலறைக்குக் குடிவந்தன. அடுப்பு மேலேயே ஒன்று அடைகாத்தது. கடைசி அறையைக் கழுவிச் சுண்ணாம்பு அடிப்பதை நவமணியே நின்று பார்த்துக்கொண்டார். அர்ச்சுனன் தகரப் பெட்டியோடு வந்து இறங்கினான்.

தை ஐந்தாம் தேதி காலையில் கார் வந்தது. விசிட்டிங் துரை நரைத்த மீசைக்காரர். இலங்கையில் இருபது வருஷம், இங்கே பத்து வருஷம். தமிழ் நன்றாகவே பேசுவார். லயத்து முற்றத்தில் மேளச் சத்தம் கேட்டது. நவமணி பந்தல் பக்கமே போகவில்லை. போதகர் காதுக்குப் போய்விடக் கூடாது என்று மேட்டுச் சாலையிலேயே துரைகளோடு நின்றார். தாலி கட்டி முடிந்ததற்கு அடையாளமாகக் குலவைச் சத்தம் எழுந்ததும், நாற்பது பேரும் பாராங்கோடு மேட்டில் ஏறினார்கள். பாட்டும் சிரிப்புமாக ஒரு மணி நேரத்தில் எண்ணூறு மரமும் கழித்தாயிற்று. சிவந்து கிடந்த சரிவு முழுக்கப் பச்சைத் தழை. விசிட்டிங் துரை குனிந்து தழையை விலக்கி, மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஈரமாக இருந்தது.

"நவமணி," என்றார் அவர் தமிழிலேயே, "ஒரு வழக்கத்தை மதித்து, அதையே தோட்ட வேலைக்குப் பயன்படுத்தினாய். இந்த மாதிரி ஆள்தான் கம்பெனிக்கு வேணும். கோலா கங்சார் வேலைக்கு இன்றைக்கே ஆபீஸில் உட்கார்ந்து உன் பெயரை எழுதிவிடுகிறேன்."

நவமணிக்குக் கண் கலங்கிவிட்டது. ஹார்கிரீவ்ஸ் துரை அவர் முதுகில் தட்டினார்.

"எழுதுவதற்கு முன்னால் ஒன்று," என்றார் விசிட்டிங் துரை. "கல்யாணப் பந்தலில் நட்ட அந்தக் காலை ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன். ஹார்கிரீவ்ஸ் எழுதிய கட்டுரையோடு போடலாம்."

மூன்று பேரும் லயத்துக்கு இறங்கினார்கள். போதகரைப் பற்றி இனி என்ன கவலை? நவமணி முன்னால் நடந்தார். பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கருப்பம்மாள் இவர்களைப் பார்த்ததும் எழுந்து ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் விசிட்டிங் துரை பந்தலுக்குள் போய்விட்டார்.

பந்தல் நடுவில் மஞ்சள் பூசி, நூல் சுற்றி, பூச்சூடி ஒரு கொம்பு நின்றது. இலை இதய வடிவத்தில், நுனி நீண்டு, காற்றே இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. முள் ஒன்றும் இல்லை.

"இது அந்த மரம் இல்லையே?" என்றார் விசிட்டிங் துரை.

நவமணி கொம்பைப் பார்த்தார். பிறகு பந்தக்காலை ஒட்டி நின்ற சன்னாசியைப் பார்த்தார். புதுவேட்டி கட்டி, புகை பட்டுச் சிவந்த கண்களோடு, பெண்ணைப் பெற்றவர் என்ற மரியாதையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார் சன்னாசி.

"என்னய்யா சன்னாசி, முள்ளு முருங்கையை ஏன் நடலை? மேட்டுல எண்ணூறு நிக்குதே!" என்று பல்லைக் கடித்தார் நவமணி.

"சொல்லுங்க பெரியவரே," என்றார் விசிட்டிங் துரை, நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு.

வெள்ளைக்காரத் துரையே மரியாதையாகக் கேட்கிறாரே என்று சன்னாசி இரண்டு அடி முன்னால் வந்து, தெளிவாக, நிதானமாகச் சொன்னார்:

"கல்யாணத்துக்கு எங்க ஊருல அரசங்கொம்புதானுங்க தொரை, முள்ளு முருங்கைய வெத்தலக் கொடி ஏத்தத்தான் நடுவோம், மாசாமாசம் கழிச்சு அடியிலயே எருவாப் போடுவோம், அதுவும் ஆடி மழையில நட்டாத்தானுங்களே வேர் புடிக்கும்!"